தலைப்புக்குப் போட்ட மேற்கோள்குறி எங்கே உதைக்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நூல் வெளியீட்டு அழைப்பிதழ், கல்லூரி ஆண்டு மலர், ஆய்வேடு, திருவிழா நாடக நோட்டீஸ் என்று மதுரை டி.டி.பி. கடைகளுக்கு வரும் வேலை எதுவானாலும், மெய்ப்பில் (அச்சுக்கு முன் பிழை திருத்தும் படியில்) சிவப்பு மை அதிகம் விழுகிற இடம் நூல்பெயரும் கதைப்பெயரும் படப்பெயரும்தான். ஒற்றைக்குறியா இரட்டைக்குறியா என்று வாதாடியே பாதி நேரம் போய்விடும். அது சின்னச் சிக்கல்; ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிப் பக்கம் வரை மாறாமல் இருந்தால் தீர்ந்தது. பெரிய சிக்கல் வேற்றுமை உருபு. இல், இன், ஐ, கு என்று ஏதாவது ஒன்று பெயரோடு வந்து ஒட்டும். ஒட்டும்போது பெயரின் கடைசி எழுத்தையே மாற்றிவிடும். தலைப்பிலோ ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. இந்த இரண்டும் மோதுகிற இடத்தில்தான் கீழே வரும் தொல்லைகளில் பல பிறக்கின்றன.

‘கிருதுமால் கரை’, ‘வைகை நிலா’, ‘பழைய வீடு’, ‘தெப்பக்குளத்துப் படிகள்’, ‘மாட்டுத்தாவணிக்கு எந்த பஸ்?’ ஆகியவை எடுத்துக்காட்டுக்காக இங்கே வைத்துக்கொண்ட பெயர்கள். பழைய இலக்கியங்கள், ‘செந்தமிழ்’ இதழ், ‘வள்ளி திருமணம்’ நாடகம் ஆகியவற்றின் பெயர்கள் மட்டும் உண்மையானவை.

அறிகுறி: தலைப்பின் வால் குறிக்கு வெளியே தொங்குகிறது

மெய்ப்பில் இப்படி வரும்: ‘சிலப்பதிகார’த்தில், ‘திருக்குற’ளில், ‘அகநானூற்’றில். குறிக்குள் இருப்பதை மட்டும் படித்தால் அப்படி ஒரு நூலே கிடையாது. கணினியில் நூல்பெயரை முழுதாகத் தேடினாலும் இந்த வரிகள் அகப்படாது.

தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறது என்று முதலில் பாருங்கள். ஐ, இ, ஈ ஆகியவற்றில் முடிந்தால் கவலை இல்லை. நடுவே யகர உடம்படுமெய் வரும், அது குறிக்கு வெளியே நின்றுகொள்ளும்: ‘மணிமேகலை’யில், ‘கிருதுமால் கரை’யின். ஆ, ஊ, ஓ ஆகியவற்றில் முடிந்தால் வகரம் வரும்: ‘வைகை நிலா’வில். இங்கெல்லாம் தலைப்புக்குச் சேதம் இல்லை.

மெய்யெழுத்தில் முடிந்தால்தான் தகராறு. திருக்குறள் + இல் என்பதில் ள், இ இரண்டும் சேர்ந்து ‘ளி’ என்று ஒரே எழுத்தாகிவிடும். ஒரே எழுத்தைப் பாதி குறிக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் வைக்க வழியில்லை. ‘ம்’ என்று முடிந்தால் அந்த மகரமே விழுந்து ‘த்து’ வந்துவிடும். டு, று என்று முடியும் குற்றியலுகரமானால் பெரும்பாலும் இரட்டிக்கும்: பழைய வீடு என்பது பழைய வீட்டில் என்று ஆகும், அகநானூறு அகநானூற்றில் ஆகும். ஒரு விதிவிலக்கு கைகொடுக்கும். தனிக்குறிலை அடுத்து மெய் வந்து முடிகிற ஓரசைப் பெயர்களில் அந்த மெய் இரட்டிப்பதால் தலைப்பு முழுசாகத் தப்பிக்கும்: ‘கல்’லில், ‘மண்’ணில். ஆனால் இதை நம்பித் தலைப்பு வைக்கச் சொல்ல முடியாது.

சரிசெய்யும் வழி ஒன்றுதான். தலைப்பை எழுவாய் வடிவில் அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் நூல், நாவல், இதழ், கதை, படம் என்று ஒரு வகைச்சொல்லை வையுங்கள். உருபு அதன் தலையில் ஏறட்டும். 

‘பழைய வீட்’டில் வரும் பாட்டி என்பதை ‘பழைய வீடு’ நாவலில் வரும் பாட்டி என்று மாற்றினால் வேலை முடிந்தது. வகைச்சொல் இடிக்கிறது என்றால் ‘என்ற’, ‘என்னும்’ சேர்த்துக்கொள்ளலாம்: ‘பழைய வீடு’ என்ற நாவலில். ‘மழை வரும் என்றார்கள்’ என்பதுபோல முழு வாக்கியமே தலைப்பாக இருந்தால் இதைத் தவிர வேறு வழியும் இல்லை. வினைமுற்றின் மேல் ‘ஐ’ ஏறாது. ஏட்டுச்சுவடியில் மேற்கோள்குறி என்ற ஒன்றே கிடையாது. பெயர் எங்கே முடிகிறது என்று காட்டும் வேலையை ‘என்னும்’, ‘என’ இவைதான் பார்த்துவந்தன. குறி வந்து சேர்ந்த பிறகும் அந்த வேலையை அவற்றிடமே விட்டுவிடுவது நல்லது.

நீளமான ஆவணத்தில் இந்தப் பிழைகளைத் தேட, மூடும் குறியோடு அடுத்த எழுத்தையும் சேர்த்துத் தேடுங்கள்: ’த்தி, ’த்து, ’ற்றி, ’ட்டி, ’ளி, ’ரி, ’னி. இந்த ஏழையும் தேடினால் பெரும்பாலான உடைந்த தலைப்புகள் சிக்கிவிடும். ’யி, ’வி, ’க்கு என்று வருபவற்றைத் தொட வேண்டாம், அவை சரியானவை. ‘கிருதுமால் கரை’க்கு என்பதில் எதுவும் உடையவில்லை.

அறிகுறி: குறிக்குப் பக்கத்தில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம் தெரிகிறது

மேலே சொன்னதன் கணினி வடிவம் இது. தட்டச்சு செய்பவர் ‘திருக்குறள்’ என்று குறியை மூடிவிட்டு, பிறகு ‘ில்’ சேர்க்கப் பார்த்திருக்கிறார். யூனிகோடில் ி, ு, ெ போன்ற உயிர்க்குறிகள் முன்னால் ஒரு மெய்யைத் தேடும். முன்னால் மேற்கோள்குறி இருந்தால் ஒட்ட இடமில்லாமல் அந்தப் புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. உயிர்க்குறியை அழித்துவிட்டு வகைச்சொல் சேருங்கள்.

சிலர் இதிலிருந்து தப்பிக்க, இடைவெளி விட்டு ‘திருக்குறள்’ இல் என்று அடிக்கிறார்கள். வட்டம் போய்விடும், ஆனால் ‘இல்’ தனிச்சொல்லாக நின்று ‘இல்லை’ என்பதுபோலவோ ‘வீடு’ என்பதுபோலவோ ஒலிக்கும். அதுவும் பிழைதான்.

அறிகுறி: ஒற்று குறிக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியவில்லை

‘மணிமேகலைக்’ காப்பியம் என்று ஒருவர் அடிப்பார், ‘மணிமேகலை’க் காப்பியம் என்று இன்னொருவர் திருத்துவார், மூன்றாமவர் ஒற்றையே எடுத்துவிடுவார்.

முதலாவது தவறு, அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஒற்று இரண்டு சொற்களின் சந்திப்பில் பிறப்பது. நூலின் பெயரில் அது கிடையாது. உள்ளே வைத்தால் நூலின் பெயர் ‘மணிமேகலைக்’ என்று ஆகிவிடும். இரண்டாவது இலக்கணத்துக்குச் சரி. மூன்றாவதையும் இன்றைய அச்சில் நிறையப் பார்க்கலாம். குறி வரும் இடத்தில் வாசிப்பு சற்று நின்று போகிறது என்பது அவர்கள் தரப்பு நியாயம்.

இந்தத் தகராறு இவ்வளவு அடிக்கடி வருவதற்குக் காரணம், நம் வகைச்சொற்களில் பாதிக்கு மேல் வல்லினத்தில் தொடங்குவதுதான்: காப்பியம், கவிதை, கதை, கட்டுரை, சிறுகதை, தொடர், தொகுப்பு, படம், பாடல், புராணம், புதினம். நூல், நாவல், நாடகம், இதழ், ஓவியம், ஆவணப்படம் இவற்றுக்கு ஒற்றுத் தொல்லையே இல்லை. அதனால்தான் ‘வைகை நிலா’ நாடகம் என்று எழுதும்போது கை தயங்குவதில்லை, ‘வைகை நிலா’ச் சிறுகதை என்று எழுதும்போது தயங்குகிறது. 

தயக்கம் வந்தால் நடுவே ‘என்ற’ அல்லது ‘என்னும்’ போடுங்கள். இரண்டுக்கும் பின்னால் வல்லினம் மிகாது: ‘வைகை நிலா’ என்ற சிறுகதை, ‘மணிமேகலை’ என்னும் காப்பியம். ‘என’ என்று போட்டால் மட்டும் கவனம், அதன் பின் மிகும்: ‘வைகை நிலா’ எனப் பெயரிட்டார்.

இரண்டாம் வேற்றுமைக்குப் பின் வரும் ஒற்றை எடுக்கவே கூடாது. ‘மணிமேகலை’யைப் படித்தேன் என்பதில் ‘ப்’ எப்படியும் குறிக்கு வெளியே, உருபோடு இருக்கிறது. இங்கே குறியைக் காரணம் காட்டி விடுவதற்கு ஒன்றுமில்லை.

முன்பக்க ஒற்றையும் மறந்துவிடுகிறார்கள். ‘இந்த’ என்ற சொல்லுக்குப் பின் ‘கிருதுமால் கரை’ வந்தால், இந்தக் ‘கிருதுமால் கரை’ என்று ஒற்று திறக்கும் குறிக்கு முன்பே வந்துவிட வேண்டும். பார்க்க உறுத்தினால் ‘இந்த நூல்’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.

அறிகுறி: மெய்ப்புத் திருத்தர் தலைப்பின் எழுத்தையே திருத்திவிட்டார்

அட்டையில் ‘தெப்பக்குளத்து படிகள்’ என்று ஒற்றில்லாமல் அச்சாகியிருக்கிறது. கட்டுரையில் ‘தெப்பக்குளத்துப் படிகள்’ என்று வந்திருக்கிறது. எது சரி? இலக்கணத்தை விடுங்கள், நூலின் உள்தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். நூலகப் பட்டியல்களும் அந்தப் பக்கத்தைத்தான் ஆதாரமாகக் கொள்கின்றன. அட்டை ஓவியர் இடம் போதாமல் ஒற்றை விட்டிருக்கலாம், இரண்டு சொல்லை இரண்டு வரியாக்கியிருக்கலாம். உள்தலைப்புப் பக்கத்திலும் ஒற்று இல்லை என்றால் இல்லாமலேதான் எழுத வேண்டும். அது ஆசிரியரின் பொறுப்பு.

மதுரை வட்டாரத் திருவிழா நோட்டீஸ்களில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் இல்லாத ஊரே இருக்காது. அதை ‘வள்ளித் திருமணம்’ என்று திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உயர்திணைப் பெயருக்குப் பின் வல்லினம் இயல்பாக நிற்பதுதான் இலக்கணமும் சொல்வது. திருத்தப்போய்ப் பிழை உண்டாகும் வகை இது.

அட்டையில் துணைத்தலைப்பு சின்ன எழுத்தில் கீழே இருக்கும், நடுவே எந்தக் குறியும் இருக்காது. வரியில் எழுதும்போது முக்காற்புள்ளி போட்டுச் சேருங்கள்: ‘கிருதுமால் கரை: ஓர் ஆற்றின் கதை’. முக்காற்புள்ளிக்கு முன் இடைவெளி கிடையாது, பின்னால் ஒன்று உண்டு.

அறிகுறி: குறி இல்லாததால் வாக்கியம் வேறு பொருள் தருகிறது

செந்தமிழில் வெளிவந்த கட்டுரை என்று ஓர் ஆய்வேட்டில் இருந்தால் என்ன புரியும்? நல்ல தமிழில் எழுதிய கட்டுரை என்றுதான். எழுதியவர் சொல்ல வந்தது, மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902 முதல் நடத்திய ‘செந்தமிழ்’ இதழை. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய சங்கம் அது. அந்த இதழை மேற்கோள் காட்டாமல் தமிழாய்வு நகராது என்பதால், இந்தப் பிழை ஆய்வேடுகளில் அடிக்கடி வருகிறது. ‘செந்தமிழ்’ இதழில் வெளிவந்த கட்டுரை என்று எழுதினால் குழப்பம் இல்லை.

ஊர்ப்பெயரோ தெருப்பெயரோ தலைப்பாக இருந்தாலும் இதே கதைதான். ‘மாசி வீதி’ என்று ஒரு நாவல் இருந்து, அதன் மதிப்புரையில் ‘மாசி வீதியில் தேவையில்லாத பாத்திரங்கள் நிறைய’ என்று குறியில்லாமல் எழுதினால், மதுரைக்காரர் எவர்சில்வர் பாத்திரக் கடைக்குத்தான் போவார். ஆகவே ஒரு சோதனை: குறியை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். வேறு பொருள் வந்தால் குறி கட்டாயம்.

அறிகுறி: பக்கம் முழுக்கக் குறிகள் கொசுபோல மொய்க்கின்றன

திருக்குறள், தொல்காப்பியம், சிலப்பதிகாரம், கம்பராமாயணம், தேவாரம், பைபிள், குர்ஆன் போன்றவற்றுக்குக் குறி வேண்டாம். யாருக்கும் ஐயம் வராத பெயர்கள் இவை. குறி இல்லாவிட்டால் உருபும் தாராளமாக ஏறலாம்: சிலப்பதிகாரத்தில், திருக்குறளுக்கு, அகநானூற்றின். முதலில் சொன்ன பெரிய சிக்கலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். (மேலே இந்தப் பெயர்கள் குறியோடு வந்தது பிழையைக் காட்டுவதற்காக.)

அடிக்குறிப்பில் சுருக்கப் பெயர் வரும்போதும் குறி தேவையில்லை. புள்ளியே சுருக்கம் என்று காட்டிவிடும்: தொல். சொல்., சிலப். 20, புறம். 192, குறுந். 40. சங்கப் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனித் தலைப்பு கிடையாது. முதலடியைத் தலைப்புபோல எடுத்தாளும்போது மட்டும் குறி போடுங்கள்: ‘யாதும் ஊரே’ எனத் தொடங்கும் புறநானூற்றுப் பாடல்.

நவீன நூல், நாவல், தொகுப்பு, இதழ், படம், நாடகம், சிறுகதை, கவிதை, பாடல், கட்டுரை எல்லாவற்றுக்கும் ஒற்றைக்குறி போதும். ஆங்கிலத்தில் சிகாகோ, எம்.எல்.ஏ. நடைக் கையேடுகள் பெரிய படைப்புக்குச் சாய்வெழுத்து, அதற்குள் அடங்கும் சிறிய படைப்புக்கு மேற்கோள்குறி என்று பிரிக்கின்றன. அதைத் தமிழுக்கு இழுத்துவந்து நூலுக்கு இரட்டைக்குறி, கதைக்கு ஒற்றைக்குறி என்று போட்டால் பத்தாம் பக்கத்தில் இடம் மாறிப்போகும். வகைச்சொல்லே அளவைச் சொல்லிவிடுகிறதே: ‘தெப்பக்குளத்துப் படிகள்’ தொகுப்பில் உள்ள ‘வைகை நிலா’ என்ற கதை. உங்கள் பல்கலைக்கழகம் வேறு விதி வகுத்திருந்தால் அதன்படி போங்கள்; புறத்தேர்வாளரிடம் இலக்கணம் பேசி ஜெயிக்க முடியாது.

அறிகுறி: எந்த நூலின் பகுதி என்று தெரியவில்லை

‘மதுரைக் காண்டத்தில் வருகிறது’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சிலப்பதிகாரத்தில் புகார், மதுரை, வஞ்சி என மூன்று காண்டங்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்திலும் மதுரை, கூடல், திருவாலவாய் என மூன்று காண்டங்கள். மதுரைக் காண்டம் இரண்டிலும் இருக்கிறது! கண்ணகி வழக்கா, சொக்கநாதர் திருவிளையாடலா என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

பெரியதிலிருந்து சிறியதற்குக் காற்புள்ளி போட்டு இறங்குங்கள்: சிலப்பதிகாரம், மதுரைக் காண்டம், வழக்குரை காதை. காண்டம், காதை, படலம், அதிகாரம் என்பவை நூலின் உறுப்புகள், தனிப் படைப்புகள் ஆகா. அவற்றுக்குக் குறி வேண்டாம். காதை எண் தெரிந்தால் இன்னும் நல்லது, வழக்குரை காதை இருபதாவது. மதுரைக்காஞ்சி இதில் சேராது. பத்துப்பாட்டுக்குள் இருந்தாலும் அது மாங்குடி மருதனார் பாடிய 782 அடித் தனிநூல், தனியாகவே சொல்லலாம்.

அறிகுறி: வினாக்குறியும் முற்றுப்புள்ளியும் முட்டிக்கொள்கின்றன

தலைப்பிலேயே உள்ள வினாக்குறி, உணர்ச்சிக்குறி, மூன்று புள்ளி ஆகியவை தலைப்பின் உறுப்பு. குறிக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். வாக்கியத்துக்கு உரிய காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி வெளியே. அமெரிக்க அச்சில் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் மூடும் குறிக்கு உள்ளே தள்ளுவார்கள். அந்தப் பழக்கத்தில் ‘கிருதுமால் கரை,’ என்று அடித்தால் தமிழில் பிழை.

அவர் எழுதியவை ‘கிருதுமால் கரை’, ‘வைகை நிலா’, ‘மாட்டுத்தாவணிக்கு எந்த பஸ்?’ ஆகிய மூன்று.

நீங்கள் படித்தது ‘கிருதுமால் கரை’யா?

இரண்டாவதில் கேள்வி நம்முடையது என்பதால் வினாக்குறி வெளியே. தலைப்பும் கேள்வி, வாக்கியமும் கேள்வி என்றால் இரண்டும் வரும்: ‘மாட்டுத்தாவணிக்கு எந்த பஸ்?’ கதையைப் படித்தீர்களா? இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் தலைப்பு வாக்கியத்தின் முடிவில் வந்து மாட்டுவது அபூர்வம். அப்படியே மாட்டிக்கொண்டு ?’. என்று மூன்று குறி வரிசையாக நின்றால், ‘என்பதாகும்’ போட்டு நீட்டாதீர்கள். வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்.

அறிகுறி: குறிக்குள் குறி சிக்கிக்கொண்டது

பேச்சுக்கு இரட்டை, அதனுள் வரும் தலைப்புக்கு ஒற்றை: “அண்ணே, ‘கிருதுமால் கரை’ எந்த ஸ்டால்ல கிடைக்கும்?” என்று தமுக்கம் புத்தகத் திருவிழாவில் கேட்பதை இப்படி எழுதலாம். பேச்சு தலைப்போடு முடிந்தால் ஒற்றையும் இரட்டையும் ஒட்டிக்கொண்டு மூன்று கீற்றாகத் தெரியும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்றைச் செருகுங்கள். வேர்டில் பிரிக்காத இடைவெளியை (கன்ட்ரோல், ஷிப்ட், ஸ்பேஸ் மூன்றும் சேர்த்து) போட்டு எழுத்தளவைப் பாதியாக்குங்கள். சாதாரண இடைவெளி விட்டால் கடைசிக் குறி மட்டும் அடுத்த வரிக்கு ஓடிவிடும்.

தலைப்புக்குள் இன்னொரு தலைப்பு வருவது ஆய்வு நூல்களில் சகஜம். வெளியே ஒற்றை, உள்ளே இரட்டை: ‘“கிருதுமால் கரை” நாவலில் பெண்கள்’. முக்காற்புள்ளி பிரித்துக்காட்டினால் உள்குறியை விட்டுவிடலாம்: ‘கிருதுமால் கரை: ஒரு மறுவாசிப்பு’.

அறிகுறி: சாய்வெழுத்து கோணலாக இருக்கிறது, அல்லது இளஞ்சிவப்புப் பட்டை விழுகிறது

லதா, நிர்மலா ஆகிய விண்டோஸ் எழுத்துருக்களில் தடித்த வடிவம் உண்டு, சாய்வு வடிவம் தனியாகக் கிடையாது. வேர்டில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் அது நேரெழுத்தையே தள்ளிச் சாய்த்துக் காட்டும். மெய்ப்புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் போய் உட்காரும், ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலச் சாயும். இன்டிசைன் இப்படிப் போலிச் சாய்வு செய்யாது. அந்த வேர்டு கோப்பை உள்ளே எடுத்தால், இல்லாத வடிவத்தைக் கேட்கிறீர்கள் என்று அந்தச் சொற்களின் பின்னால் இளஞ்சிவப்புப் பட்டை போட்டுக் காட்டும். ‘ஃபைன்ட் ஃபான்ட்’ (புதிய பதிப்புகளில் ‘ஃபைன்ட்/ரீப்ளேஸ் ஃபான்ட்’) கட்டளையில் அந்தச் சாய்வு வரியைத் தேர்ந்து தடித்த வடிவத்துக்கோ சாதாரண வடிவத்துக்கோ மாற்றுங்கள். நிறைய நூல்பெயர் வரும் வேலையானால், தொடக்கத்திலேயே நூல்பெயருக்கு ஒரு எழுத்து நடையை (கேரக்டர் ஸ்டைல்) உருவாக்கிவிடுங்கள். மனம் மாறினால் ஒரே இடத்தில் மாற்றலாம்.

தடித்த எழுத்தும் குறியும் இரண்டும் ஒரே தலைப்புக்கு வேண்டாம். ஒன்று போதும்.

அறிகுறி: குறி முதுகைக் காட்டி நிற்கிறது

திறக்கும் இடத்தில் மூடும் குறி. வேர்டு, முன்னால் இடைவெளியோ அடைப்புக்குறியோ இருந்தால் திறக்கும் குறியையும், வேறு எது இருந்தாலும் மூடும் குறியையும் தானாகப் போடும். கோட்டுக்குப் பின்னால் தலைப்பு தொடங்கினால் ஏமாந்துவிடும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண் பலகையில் 0145 அடித்தால் ‘ வரும், 0146 ’ தரும், 0147 “ தரும், 0148 ” தரும்.

தலைப்புக்கு முன்னும் பின்னும் காரணமில்லாமல் ‘ய’ நிற்கிறதா? தமிழ்99 விசைப்பலகையில் ஆங்கில ஒற்றைக்குறிச் சாவியில் ‘ய’ இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாறாமல் அடித்திருக்கிறார்கள். ‘யகிருதுமால் கரைய’ என்று வந்ததை எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள்கூடச் சில நேரம் விட்டுவிடும்.

அறிகுறி: எழுத்துரு மாற்றியதும் குறி இருந்த இடத்தில் வேறு எழுத்து

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கிலக் குறிகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் குடியிருக்கின்றன. பாமினியில் காற்புள்ளிச் சாவியில் ‘இ’, அரைப்புள்ளிச் சாவியில் மெய்ப்புள்ளி. ஆங்கில எழுத்துருவில் அடித்த காற்புள்ளியையும் சேர்த்து மொத்தமாகப் பாமினிக்கு மாற்றினால் ஒவ்வொரு தலைப்புக்கும் நடுவே ஓர் ‘இ’ முளைக்கும். வளைந்த மேற்கோள்குறிகளின் கதி எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடும்.

யூனிகோடுக்கு மாற்றும் முன் மூலக் கோப்பில் திறக்கும் குறியை 99001 என்றும் மூடும் குறியை 99002 என்றும் மொத்தமாக மாற்றுங்கள். எண்கள் மாற்றத்தில் தப்பிக்கும். மாற்றிய பிறகு திரும்பக் குறியாக்குங்கள். ஆவணத்தில் வேறெங்கும் அந்த எண்கள் இல்லை என்று முதலில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள், யாராவது பின்கோடு எழுதியிருப்பார்கள்.

அறிகுறி: எக்செல் பட்டியலில் திறக்கும் குறி மட்டும் காணோம்

கட்டத்தின் முதல் எழுத்தாக நேரான ஒற்றைக்குறி வந்தால் எக்செல் அதை ‘இது எழுத்து, எண் அல்ல’ என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு மறைத்துவிடும். மூடும் குறி மட்டும் அநாதையாக நிற்கும். நூல்பட்டியலில் தலைப்புக்கென்றே தனி நெடுவரிசை இருக்கிறது, குறியே வேண்டாம். தலைப்பையே கோப்புப் பெயராக வைக்கும்போது விண்டோஸ் ? : " மூன்றையும் ஏற்காது, அவற்றை விட்டுவிட்டுச் சேமியுங்கள்.

அறிகுறி: அழைப்பிதழில் நூல்பெயர் எடுபடவில்லை

அழைப்பிதழ், பிளக்ஸ், நோட்டீஸ் ஆகியவற்றில் தலைப்பு தனி வரியில் பெரிய எழுத்தில் நின்றால் குறி கூடாது. அளவே போதுமான அடையாளம். அதே அழைப்பிதழின் நிகழ்ச்சிநிரலில், வரியின் நடுவே அதே பெயர் வரும்போது குறி வேண்டும்: ‘கிருதுமால் கரை’ நாவல் வெளியீடு. அழுத்தத்துக்காகக் குறி போடும் பழக்கம் பிளக்ஸ் பேனரில் ஊறிப்போயிருக்கிறது. “சிறப்பான” விழா என்று இரட்டைக்குறி போட்டால் கிண்டல் செய்வதுபோல் ஆகும்.

பிளேட் போடும் முன்

ஒரே தாளில் அச்சாகும் பக்கங்களின் தொகுதியான ஃபாரம், பிளேட் ஆகிவிட்டால் ஒரு குறிக்காகப் புது பிளேட் போட வேண்டும். அதனால் வேர்டு கோப்பாக இருக்கும்போதே நான்கு தேடல் போடுங்கள். தேடல் பெட்டியில் ‘யூஸ் வைல்ட்கார்ட்ஸ்’ டிக் செய்தால்தான் வளைந்த குறியையும் நேர்க்குறியையும் வேர்டு பிரித்துப் பார்க்கும். முதலில் நேர்க்குறி எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து, திறக்கும் குறிக்குப் பின் இடைவெளி. மூன்றாவது, மூடும் குறிக்கு முன் இடைவெளி. கடைசியாக ‘ எத்தனை, ’ எத்தனை என்று எண்ணிக்கை பாருங்கள். தமிழில் எழுத்தை விழுங்கிக் காட்டும் குறி (அப்பாஸ்ட்ரபி) பெரும்பாலும் வராது என்பதால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று கூடினால் எங்கோ ஒரு தலைப்பு திறந்தே கிடக்கிறது. ஆவணத்தைப் பாதி பாதியாகத் தேர்ந்தெடுத்து அந்தப் பகுதியில் மட்டும் எண்ணிக்கொண்டே போனால் ஐந்தாறு தடவையில் பக்கம் கிடைத்துவிடும்.